தரிசன உண்டியல்

ஒன்பதே முக்காலுக்கு கரண்ட் போனது.
புதுவயல் அரிசி ஆலைகள் ஒவ்வொன்றாக
மூச்சை நிறுத்தின.
கண்டனூரில், மொட்டைமாடியில்,
எட்டு அங்குலக் கண்ணாடியைத் தெற்கே திருப்பினேன்.
தேவகோட்டை வெளிச்சம் இல்லை.
ஆவணியில் மேகமும் இல்லை என்றால் அது யோகம்.

பகலில் எனக்குப் புள்ளிக் கணக்கு வேலை,
கோயில் ஏட்டிலிருந்து கணினிக்கு.
கல்யாணமான குடும்பம் ஒரு புள்ளி.
துணை போய்விட்டால் அரைப்புள்ளி.
நாற்பத்திரண்டு வயதில் நான்
அப்பச்சியின் புள்ளிக்குள் எங்கோ இருக்கிறேன்.
குறையாகச் சொல்லவில்லை.
அந்த வரி வரும்போது விரல் சற்று நிற்கும்,
அவ்வளவுதான்.

தொலைநோக்கி என்றே பெயர் வாங்கிய விண்மீன் மண்டலம்.
பெயருக்கேற்ற பகட்டு எதுவும் கிடையாது.
அங்கேதான் அது இருக்கிறது.
நேராகப் பார்த்தால் காணோம்.
பார்வையை ஓரமாகத் தள்ளினால் வருகிறது,
திருநீற்று விரலைச் சுவரில் துடைத்த இடம்போல.

நூற்றுத் தொண்ணூறு வருடத்துக்கு முன்
ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஒருவன்
குழாயை அசைக்காமல் நிறுத்தி
வானம் தானாக நகர்ந்து வரட்டும் என்று காத்திருந்தான்.
வந்ததையெல்லாம் குறித்தான்,
கணக்குப்பிள்ளையைப் போல, பாதிப் பாதி எழுத்தில்.
எழுதியது என்னவென்று அவனுக்கே தெரியாது.
மேகமில்லை, அத்தனையும் சூரியன்கள்
என்று தெளிய இன்னும் தொண்ணூறு வருடம் ஆனது.
கண்டுபிடிப்பும் தவணையில்தான் கைக்கு வருகிறது.

நீள்வட்டம் என்கிறார்கள்.
சுருள் கைகள் இல்லை.
புதிதாக ஒரு மீன் பிறக்க வேண்டிய வாயு
எப்போதோ செலவாகிவிட்டது.
பல கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து
யார் எந்த வீட்டிலிருந்து வந்தவர் என்று
பிரிக்கமுடியாமல் போன ஒற்றைப் புள்ளி.
மிஞ்சியவை வயதான மீன்கள். சிவந்தவை.
என் பெயர் சிகப்பி.
எனக்கு அது சாம்பலாகத்தான் தெரிந்தது.
இவ்வளவு மங்கலில்
மனிதக் கண் நிறத்தை வாங்குவதில்லையாம்.

ரங்கூன் கடைக் காகிதம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய உண்டு.
அதில் ஒரு தரிசன உண்டியல்:
கண்டதும் பணம் கொடுக்க வேண்டியது.
குண்டு விழுந்த வருடத்தின் தேதி.
எவரும் கொண்டுபோய்க் காட்டவில்லை.

இந்த ஒளி எழுதப்பட்டபோது
கடை இல்லை, கடல் தாண்ட ஆள் இல்லை,
வட்டி என்று சொல்ல ஒரு நாக்கு இல்லை.
பத்துக்கோடி வருடம்,
ஒன்றிரண்டு கோடி முன்பின் இருக்கலாம்.
பெறுபவர் பெயர் போடாமல் அனுப்பியிருக்கிறது.

பென்சிலை வாயில் கவ்விக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.
ஆவணி எட்டு. இரவு 10.20.
மங்கல். உருண்டை. நடுவில் கொஞ்சம் தடிப்பு.
பார்த்தது ஒரு புள்ளி
என்று எழுதினேன்.
எது எதைப் பார்த்தது என்று
பிரித்து எழுதவில்லை.

கரண்ட் வந்தது,
முதலில் தேவகோட்டைப் பக்கம்.
கீழே, அணைக்க மறந்த மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது.
தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டும்
கொஞ்ச நேரம் இறங்கவில்லை.