பச்சைப் பேரேடு

சாவி கைக்கு வந்து ஒன்பது நாள்.
இன்னும் பாய்லர் பக்கத்துக் கதவு வழியாகத்தான் வருகிறேன்,
மூன்றாம் படி வழுக்கும்.
"மேனேஜருக்கு முன்வாசல் இருக்கே" என்கிறான் பெக்கி,
சிரிக்காமல்.

மொபெனியில் ஐந்தரை மணிக்கே காகித ஆலையின் நாற்றம்.
மூன்று மருத்துவமனைகளின் இரவு
நீல மூட்டைகளாய் வந்து இறங்குகிறது:
ரத்தம், அயோடின், யாருடையதோ ஒற்றைக் காலுறை.
இதுவரை கைதான் எண்ணியது.
அம்பிகை பத்துப் பத்தாய் அடுக்கிச் சொல்வாள்,
நொம்புசோ பச்சைப் பேரேட்டில் எழுதுவாள்,
இருவரும் கையெழுத்திடுவார்கள்.
இனி ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும்
அரிசியளவு ஒரு சில்லு.
துப்பாக்கிபோல் நீட்டினால் ஸ்கேனர் எண்ணும்,
தலைமை அலுவலகம் பார்க்கும்.

இதைச் சொல்லிப் புரியவைக்க
இருபத்திரண்டு வண்ணப் பக்கங்கள் தந்திருந்தார்கள்.
நான்காம் பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் ஆட்கள்
எந்த ஊர்க்காரர்களோ.
ஐந்தாம் பக்கத்தில் லோட்ஷெடிங்.
திரை அணைந்ததும் இருட்டில் யாரோ கை தட்டினார்கள்.

மறுநாள் இரண்டு ஸ்கேனர்களைக் காணவில்லை.
ஒன்று உலர்த்தும் உருளைக்குள் கிடைத்தது,
மிகச் சுத்தமாக.
அதற்கும் மறுநாள் எல்லோருக்கும் ஒரே பதில்:
சார்ஜ் இல்லை.
பதினோரு வருடம் லோகி என்றவர்கள்
"காலை வணக்கம், மிசஸ் மூட்லி" என்றார்கள்.
தேநீர் அறையில் நான் நுழைய,
பேச்சு ஜூலுவுக்கு மாறியது.
எனக்கும் ஜூலு தெரியும் என்று நினைவு வந்து
மௌனத்துக்கு மாறியது.

வியாழன் மாலை பசை தேடி
முன்பிருந்தவரின் மேசையில் கீழ் இழுப்பறையை உருவினேன்.
காய்ந்த பேனாக்கள். ஒரு டை. ஒரு மனு.
'எண்ணும் எந்திரம் வேண்டாம். நாங்கள் திருடர்கள் அல்ல.'
இரண்டு வருடம் முந்தைய தேதி,
முப்பத்தொரு கையெழுத்து,
முதலாவது என்னுடையது.
அப்போதெல்லாம் சுழியைப் பெரிதாகப் போடுவேன்.

மனு நினைவிருந்தது.
காரணம்தான் மறந்திருந்தது.
நாற்பது விரிப்பு குறைந்த அந்த மாதம்
வாசற்காவலர் அம்பிகையின் பையை மேசைமேல் கவிழ்த்தார்.
சாப்பாட்டு டப்பா, பிரஷர் மாத்திரை,
பாதி பின்னிய குழந்தைத் தொப்பி.
லாரிக்காரன்தான் தப்பாய் எண்ணியிருந்தான்.
அதை நிரூபித்தது பச்சைப் பேரேடு,
இரண்டு பேர் மை.

வெள்ளிக்கிழமை தாளோடு கீழே இறங்கினேன்.
வண்ணப் பக்கங்களை எடுத்துப் போகவில்லை.
என் பெயர் வரை படித்தேன், அதற்குமேல் குரல் ஓடவில்லை.
எந்திரம் வரும், என்றேன்.
நிறுத்துவேன் என்றால் அது பொய்.
அம்பிகை மடித்துக்கொண்டே கேட்டாள்:
"அது தப்பா எண்ணுனா யார் பையைத் திறப்பாங்க?"
இருபத்திரண்டு பக்கத்தில் எங்கும் இல்லாத கேள்வி.
"முதல்ல என்னுது" என்றேன்.
யாரும் தலையாட்டவில்லை.
அழுத்தும் எந்திரம் பெருமூச்சு விட்டது.

ஸ்கேனர் பக்கத்திலேயே பேரேடும் இருக்கட்டும் என்று
நானாகத்தான் முடிவெடுத்தேன்.
'ஒரே வேலை ஏன் இருமுறை?' என்று மேலிடத்து மின்னஞ்சல்.
பதில் எழுதவில்லை இன்னும்.

இன்று திங்கள்.
ஸ்கேனர் சொன்னது நானூற்று இருபத்தொன்று,
பேரேடு நானூற்று இருபது.
மூட்டையை அவிழ்த்து மூவரும் முழங்காலிட்டு எண்ணினோம்.
ஒரு தலையணை உறைக்குள் இன்னொன்று ஒளிந்திருந்தது.
எந்திரம் சரி.
அம்பிகை என்னைப் பார்த்தாள்,
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
அவள் எண்ணை அடித்துத் திருத்தி, கையெழுத்திட்டு,
பேனாவைத் தள்ளினாள்.
"நீயும் போடு."

பெக்கி இன்னும் சார்ஜ் போடுவதில்லை.
நொம்புசோ வேறிடத்தில் வேலை தேடுகிறாளாம்.
போட்டேன்.
சுழி சிறிதாகத்தான் வந்தது.