பதினெட்டாம் பூச்சு

மெஸ்த்ரேயில் ஏழாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ரயில் தண்டவாளம்,
அதற்கப்பால் காசுள்ளவர்களின் வெனிஸ்.
எங்கள் அலமாரி தட்டையாகப் பெட்டியில் வந்து
ஒரு திருகாணி குறைவாய் எழுந்து நின்றது.
மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. அத்தனையும் வெள்ளை.
"குளிர்பெட்டிக்கு ஒரு தங்கை" என்ற லொரெத்தானா
கத்தரிக்கோலைத் தேடினாள்.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊருக்குச்
சீனத்து அரக்குப் பெட்டிமேல் பித்துப் பிடித்ததாம்.
வாங்க முடியாதவர்கள் அச்சுப்படம் வாங்கினார்கள்.
குடை பிடித்த கனவான், கொக்கு, வளைந்த பாலம்
எல்லாவற்றையும் ஓரம் பிசகாமல் நறுக்கி
மேசையில் ஒட்டி, வர்ணம் தொட்டு
விரல் ஏமாறும்வரை வார்னிஷ் பூசினார்கள்.
ஏழை அரக்கு என்று பேர்.
இன்று அது ஏலத்துக்கு வந்தால்
மூக்கைச் சொறியக்கூட நாம் கையைத் தூக்கக் கூடாது.

"நம் காலத்தில் எது மலிவான தாள்?"
கேட்டவளே கீழே இறங்கிப் போய்
தபால்பெட்டிகளில் பிதுங்கிய
சூப்பர்மார்க்கெட் விளம்பரங்களை அள்ளி வந்தாள்.
எனக்குக் கொக்கு வேண்டும் என்றேன்.
இந்த வாரத் தள்ளுபடியில் கொக்கு இல்லை என்றாள்.
ஆர்ட்டிசோக் இருந்தது. மாதுளை, கணவாய்,
தோட்டத்து நாற்காலியில் பல்லைக் காட்டும் ஒருவன்.
அவனை நாற்காலியிலிருந்து வெட்டி எடுத்து
ஆர்ட்டிசோக் மேல் நிறுத்தி
கடற்கரைக் குடை ஒன்றைக் கையில் கொடுத்தாள்.
கனவான் ஆகிவிட்டான்.
கணவாயின் கைகள் இரண்டு கதவையும் சேர்த்து
இடைவெளிக்குக் குறுக்கே படர்ந்தன.
கடைசிப் பூச்சு காயும்வரை திறக்கக் கூடாது.

என் ஒரே கோட்டு சூட்டு
உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

நாளைக்கு ஒரு பூச்சு.
தூசி வருமென்று ஜன்னலுக்கும் தடை.
ஐந்தாவதில் எனக்குத் தலைவலி.
ஒன்பதாவதில் ஒரு கொசு வந்து உட்கார்ந்து
எழ முடியாமல் அங்கேயே தங்கிவிட்டது.
ஊசியால் எடுக்கப் போனேன்; தடுத்தாள்.
பீங்கான் தட்டில் பழுது தெரிந்தால்
அதன்மேல் ஈ வரைந்து மறைப்பார்களாம் அந்நாளில்.
நமக்கு ஈ தானாக வந்திருக்கிறது.
"அது ஈ இல்லை."
"இருக்கட்டும்."

பன்னிரண்டாவது அன்று படகு நிறுவனத்தில் நேர்காணல்.
டிக்கெட் பரிசோதகர் வேலை.
கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்யும்
எட்டாம் மாடி மொஸ்தாபிஸ்
தன் நிக்காஹ் கோட்டைக் கொடுத்தான்.
மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலேயே நின்றது கை.
தேர்வுக்குழுவில் ஒரு அம்மாள்
என்னை மோந்து பார்த்து
"பெயிண்டரா?" என்றாள்.
வேலை கிடைத்ததா என்பது
அலமாரிக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

பதினெட்டு காய்ந்தது.
பிளேடை இடைவெளியில் வைத்து
மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு.
கணவாய் ஒரு சத்தத்தோடு இரண்டானது.
உள்ளே அதே வெள்ளை.
அதே சூட்டு, முழங்கை மடிப்போடு, யாரோ மாதிரி.
அப்போதுதான் பார்த்தோம்:
கனவானின் காலடியில், நறுக்க மறந்து,
1,99.
அதற்கு மேல் பதினெட்டுப் பூச்சு.
லொரெத்தானா தரையில் உட்கார்ந்து சிரித்தாள்,
பிறகு கொஞ்சம் அழுதாள்,
பிறகு எனக்குப் பசிக்கிறது என்றாள்.

இரவில் தண்ணீர் குடிக்க எழும்போது
விளக்குப் போடாமல் கதவைத் தடவுகிறேன்.
ஆளின் ஓரம் எது, குடையின் ஓரம் எது,
விலையின் ஓரம் எது,
விரலுக்குப் பிடிபடவில்லை.
கொசு இருக்கும் இடத்தில் மட்டும்
குருணை அளவு மேடு.
அங்கே விரல் கொஞ்சம் நிற்கும்.