பத்து மாத அட்வான்ஸ்

வேளச்சேரியில் ஏறும்போது
அவனுக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது.
லிஃப்டில் அவள் காலை மிதித்துவிட்டு
"உங்க கால் நீளம்" என்கிறான்.
இருபத்தேழாம் பக்கம்.
எதிர்சீட்டில், மடியில் டிபன் பாக்ஸோடு ரெஜினா,
கதையை முன்னாலேயே முடித்துவிட்ட திமிரில்
என் முகத்தைப் படித்துக்கொண்டு வருகிறாள்.

தரமணிக்குள் இன்னும் இரண்டு அவமானம்.
திருவான்மியூரில் அவள் எழுதிய திட்டத்தில்
சிவப்பு மையால் பதினாறு சுழி போடுகிறான்.
பதினாறையும் அவள் எண்ணுகிறாள்.
நானும் எண்ணினேன்.
பிடிக்காத ஒருத்தியை
இவ்வளவு நுணுக்கமாக யார் படிப்பார்கள்?

கோட்டூர்புரம் தாண்டிப் பாலத்தில் ஏறுகையில்
கதையில் மழை. ஒரே குடை.
இருவருக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம்.
சரியாக அங்கே அடையாறு நாறுகிறது.
பெட்டியே மூக்கைப் பொத்துகிறது.
நான் பக்கத்தைப் பொத்திக்கொள்கிறேன்,
அவர்கள்மேல் படாமல்.

முடிவு தெரியாமலா படிக்கிறேன்?
அட்டையிலேயே முதுகோடு முதுகு ஒட்டி
கைகட்டி நிற்கிறார்கள் இரண்டு பேரும்.
திரும்ப வேண்டியதுதான் பாக்கி.
"தெரிஞ்ச ஸ்டேஷன்ல இறங்கத்தானடி ரயில் ஏறுறோம்"
என்கிறாள் ரெஜினா.

ஊடல் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது வேறு.
முதலில் காதல், பிறகு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு கோபம்.
இவர்கள் தலைகீழ்.
பால் காய்ச்சும் முன்பே
பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற ஊரல்லவா,
கோபத்தையெல்லாம் மொத்தமாகக் கட்டிவிட்டு
நூற்றிநாற்பதாம் பக்கத்தில்
சாவி வாங்குகிறார்கள்.

புதுப்பேட்டையில் நான் கணக்கு எழுதும் கடையில்
பிரித்துப்போட்ட வண்டிகள் கூரைவரை.
எந்தக் கதவு எந்தக் காருடையது என்று
யாரும் கேட்பதில்லை, பொருந்தினால் போதும்.
என்னையும் கஜேந்திரனையும் அப்படித்தான்.
பத்துக்கு எட்டு.

பதினான்கு வருடம். எல்லாமே அவருக்குச் சரி.
உப்பு தூக்கலா, சரி.
தண்ணி லாரி வரலையா, சரி.
அம்மா வீட்டுக்குப் போகிறேன், திரும்ப மாட்டேன் என்று
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
"சரி, சாவியைச் செருப்பு ஸ்டாண்டில் வை."
நல்ல மனுஷன்.
நல்ல மனுஷனோடு எங்கே போய் முட்டிக்கொள்வது?
சுவர் என்றாலாவது திருப்பி இடிக்கும்.

போன செவ்வாய் ராத்திரி கரண்ட் போனது.
விசிறிக்கொள்ளத்தான் அந்த நாவலை எடுத்தார்.
எமர்ஜென்சி லைட்டடியில் விசிறல் நின்றது.
கரண்ட் வந்த பிறகும் கீழே வைக்கவில்லை.
மறுநாள் சமையலறை வாசலில் வந்து நின்று
"தப்பு அவ மேலதான்" என்றார்.

என்னது?

"மன்னிப்புக் கேட்க கேன்டீன் வரைக்கும் வந்தான்.
இவ சாம்பாரையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா."

தோசைக் கரண்டியோடு திரும்பினேன்.
பதினாறு சுழி மறந்துபோச்சா?

"பதினாறுல பதினொண்ணு நியாயமான சுழி."

பதினொண்ணாம்.
எண்ணியிருக்கிறார்.

தோசை கருகியது. இன்னொன்றும் கருகியது.
கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.
அவனுக்காக நான் வாதாடினேனா, அவளுக்காகவா,
பாதியில் எனக்கே குழம்பிப்போனது.
கோபம் வந்தால்
இடது புருவம் மட்டும் ஏறுகிறது அவருக்கு.
ஒரே கூரையின்கீழ் பதினான்கு வருடம்,
அந்தப் புருவத்தை நான் பார்த்ததில்லை.

இன்று காலை பாலுக்கு மறுபடி "சரி"தான்.

மடியில் வேறு நாவல், வேறு இரண்டு பகையாளிகள்.
தரமணியில் போன் அதிர்கிறது.
"நூத்திப்பன்னிரண்டாம் பக்கம் பார்.
குடை அவனோடது. ஞாபகம் இருக்கட்டும்."

ரெஜினா எட்டிப் பார்க்கிறாள்.
போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.
பதில் இருக்கிறது, நுனிநாக்கில், நல்ல காரமாக.
இப்போது போட மாட்டேன்.
தவிக்கட்டும் கொஞ்சம்.
பாலம் வரட்டும்.