அரைப்பேர்

காலைப் பிரட்டில் கங்காணியிடம் சொன்னேன்:
பின்னேரம்தான் வருவேன், அரைப்பேர் போடுங்க.
ஏன் என்றார்.
காய்ச்சல் என்றேன்.
யாருக்கென்று சொல்லவில்லை.

தலவாக்கலை பஸ்ஸில்
சண்டையை வரிசையாய் அடுக்கிக்கொண்டு போனேன்.
மற்றப் பிள்ளைகளுக்குப் பாய்.
என் லோஷினிக்கு வாசலோரம்,
செருப்புகளுக்குப் பக்கத்தில், உரச்சாக்கு.
அட்டை கடித்த காலோடு வந்தாளாம்,
பாயில் ரத்தப் பொட்டாம்.
அது நடந்து ஒன்பது நாள்.
கடிவாய் ஆறிவிட்டது,
சாக்கு மாறவில்லை.

நேசரி வாசலில் நின்றதும்
அடுக்கியதெல்லாம் சரிந்தது.
மிஸ்ஸின் சேலை மடிப்பு அப்படி.
கொழுந்துக் கறை விரல்களை மடக்கிக்கொண்டேன்.
வேறெதுவும் தோன்றாமல்
சாக்கில், மகளுக்குப் பக்கத்தில்
போய் உட்கார்ந்தேன்.

பாட்டு நடந்தது. எண்கள் நடந்தன.
வாசல் வழியாக உள்ளே வந்த மேகம்
முதலில் எங்களை நனைத்தது.
அரைமணி கழித்து மிஸ் சொன்னார்:
“அங்க இருக்காதீங்க அம்மா, கூதல் அடிக்கும்.”
“தெரியுமா மிஸ்?” என்றேன்.
அவ்வளவுதான் என் சண்டை.

மறுநாள் பாயில் இடம் கிடைத்ததாம்,
யானைப் படத்துக்கு நேர் கீழே.
ராத்திரி ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னாள்:
“சாக்குல இப்ப நிரோஜன் இருக்கான்.
அவனுக்கு மூக்கு ஒழுகுதாம்.”

நிரோஜனின் அம்மா குவைத்தில்.
எனக்கு இந்த மாசம்
ஏற்கெனவே பேர் குறைவு.
விளக்கை அணைத்துவிட்டு யோசித்தேன்,
நாளைக்குக் கங்காணியிடம்
யாருக்குக் காய்ச்சல் என்பது?