வலது காதுக்கு மட்டும்

போரா காற்று கடலைப் பெயர்த்த வியாழக்கிழமை
கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வந்தார் நெரேயோ,
டிரியெஸ்தே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.
"நீவெஸ், இடது காது போய்விட்டது" என்றார்,
குடை போய்விட்டது என்பதுபோல.
"வலதுக்கு என்ன வைத்திருக்கிறாய்?"

பதினெட்டு வருடமாக இந்த இசைத்தட்டுக் கடையில்
எதற்கெல்லாமோ எடுத்துக் கொடுத்திருக்கிறேன்:
பல் பிடுங்கிய மாலைக்கு,
மாமியார் தங்கப்போகும் ஞாயிறுக்கு,
விவாகரத்தில் கையெழுத்திட்ட கையோடு
நெடுஞ்சாலையில் ஓட்டிப்போக.
ஒற்றைக் காதுக்கு யாரும் கேட்டதில்லை.

கீழ்வீட்டில் கைக்குழந்தை;
ஹெட்போனில்தான் கேட்பாராம்.

அன்றிரவு
என் இடது காதில் பஞ்சடைத்துக்கொண்டு
அலமாரி முன் உட்கார்ந்தேன்.

முதலில் ராக்.
ரியெகாவின் நான்கு பையன்கள்
கப்பல் பட்டறையில் பதிவுசெய்த 'துரு'.
ஆயிரம் முறை கேட்டிருப்பேன்.
கிடார் முழுக்க இடப்பக்கமே நிற்கிறதென்று
அன்றுதான் தெரிந்தது.
வலப்பக்கம் மிஞ்சியது டிரம்ஸும்
யாரோ இருமுவதும்.

பாப்பில் தொல்லையில்லை.
லுப்லியானாக்காரி வேஸ்னாவின் குரல்
நட்டநடுவில் இருக்கிறது,
மேசைமேல் வைத்த பழத்தட்டாக.
எந்தக் கதவு வழி வந்தாலும் கை எட்டும்.

அப்புறம் மேடை நாடகத்தின் தட்டு:
'கலங்கரை விளக்கில் வேலைநிறுத்தம்',
நடித்தவர்களே பாடியது.
காதலர்கள் மேடையின் இரு கோடியில் நின்று
சண்டை போடுகிறார்கள்.
வலது காதுக்கு அவள் மட்டும்.
நேற்று எங்கே இருந்தாய் என்கிறாள்.
பதில் வராது.
வயலின் வரும்.
பிறகு அவளே,
"பொய்."

கடைசியாக, வேண்டா வெறுப்பாக,
நான்கு செல்லோவும் ஒரு டெனரும்
தேவாலயத்தில் வாசித்த டிஸ்கோ பாட்டுகள்.
அதை விற்கும்போதெல்லாம்
அட்டையைக் கவிழ்த்துத்தான் நீட்டுவேன்,
அவ்வளவு வெட்கம்.
காசில்லாமலோ என்னவோ
ஒற்றை மைக்கை உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
இடமும் வலமும் ஒட்டிப் பிறந்தவை.
பாதிக் காதிலேயே
முழுக் கூரையும் தெரிந்தது.
அந்த டெனரிடம் மன்னிப்புக் கேட்டேன்,
அரை மனதாகத்தான்.

மறுநாள் சீட்டு எழுதிக் கொடுத்தேன்:
வேஸ்னா வாங்கு. செல்லோ வாங்கு.
'துரு'வைத் தொடாதே.
நாடகம் உனக்கு வேண்டவே வேண்டாம்.
படித்துவிட்டு
நான்கையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் ஆளைக் காணோம்.

வந்தபோது காற்று மறுபடி தொடங்கியிருந்தது.
"முதல் நாள் அவளைக் கேட்டேன்.
மறுநாள் ஹெட்போனை இடம்வலம் மாற்றி மாட்டினேன்.
இப்போது அவன் மட்டும்.
வெறும் பதில்கள்.
கேள்வி தெரியாவிட்டால்
அவன் நல்லவனாகத்தான் படுகிறான், நீவெஸ்."

'துரு'வும் அப்படியே என்றார்:
ஒருநாள் கிடார், ஒருநாள் டிரம்ஸ்,
ஒரு விலைக்கு இரண்டு தட்டு.
இருமுகிறவன் யாரென்று கண்டுபிடித்துவிட்டாராம்;
பேஸ் வாசிப்பவன்,
நான்காவது பாட்டிலிருந்தே அவனுக்குச் சளி.

"முன்பெல்லாம் ஒரு காதில் வாங்கி
மறு காதில் விட்டுவிடுவேன்.
இப்போது விட வாசலில்லை.
உள்ளே போனது
கிரேன் மேலே ஏறினாலும் கூடவே வருகிறது."

அந்தச் செல்லோ எப்படி என்று கேட்டேன்.
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே
ஜன்னலில் கடலைப் பார்த்தார்.
சில்லறை எண்ணினார்.
பிடிக்கவில்லை போலும், சொல்லக் கூச்சம்,
என்று நானே முடிவுகட்டி
பில்லைக் கிழித்த பிறகுதான் உறைத்தது:
அவருடைய இடப்பக்கம் நின்றிருக்கிறேன்.

மேசையைச் சுற்றிவந்து
மறுபடி கேட்டேன்.

"அதுவா? மைத்துனிக்குக் கொடுத்துவிட்டேன்.
அவளுக்கு இரண்டு காது,
தாங்குவாள்."