கால் ஒன்றுக்கு நாற்பது

மஞ்சக்குப்பம் கிளையில்
நோட்டு எண்ணும் எந்திரம் நின்றுவிட்டது.
பத்தே கால் மணி.
நகைக்கடன் வரிசை படியிறங்கி
வெயிலில் வளைந்து நிற்கிறது.

மூடியைத் திறந்தேன்.
உருளை ரப்பர் வழுக்கையாகியிருந்தது.
சென்சார் கண்ணில் ஒட்டிய கறுப்புத் தூசி
யார் யாருடைய கை அழுக்கோ.
முதுநகர் மீன் ஏலக் காசு வந்த மறுநாள்
ஒன்றிரண்டு செதிலும் இருக்கும்,
வெளிச்சத்தில் நாணயம்போல மின்னும்.

ஓட்டிப் பார்க்க ஒரு கட்டு வேண்டும்.
கேஷியர் வனமாலா மேடம்
ஐந்நூறு ரூபாய்க் கட்டை நீட்டினார்,
விரலை முழுசாக எடுக்காமல்.
நூறு. நூறு. தொண்ணூற்றொன்பது.
திருகை அரைச் சுற்று இறுக்கினேன்.
நூறு.
அதே ஐம்பதாயிரம்
பன்னிரண்டு தடவை ஓடியது.
ஆறு லட்சம் பார்த்த கையை
மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டேன்.

நாட்கூலிக்கு மேலே
கால் ஒன்றுக்கு நாற்பது.
கம்பெனி மொழியில் கால் என்றால் அழைப்பு.
கெடிலம் பாலத்தில் பெட்ரோல் தீர்ந்த அன்று
வண்டியைத் தள்ளியது இரண்டு கால்,
கணக்கில் ஏறியது ஒன்று.

சம்பளச் சீட்டில்
துரை. இளஞ்சேட்சென்னி என்று
அப்பா ஆசையாய் வைத்த பெயருக்குக் கீழே
அரைத்திறன் என்று அச்சாகியிருக்கும்.
ஐடிஐ படித்தது போக,
ஜப்பான் எழுத்துக் கையேட்டைப்
படம் பார்த்தே பிரித்துப் பூட்டப் பழகியது போக,
எந்தப் பாதி என்னிடம் இல்லை?
அம்பத்தூர் ஆபீசுக்குப் போன் போட்டேன்.
"சிஸ்டத்துல அப்படித்தான் சார் வருது"
என்றது ஒரு பெண்குரல்.
பாவம், அவளும் காண்ட்ராக்ட்தானாம்.
அரைக்கும் முழுசுக்கும் நடுவில்
நாளொன்றுக்கு நாற்பத்தோரு ரூபாய்.
ஒரு காலும் ஒரு ரூபாயும்.

ஜெனரேட்டர் பார்க்கும் ஸ்தனிஸ்லாஸ்
பேங்கின் சொந்த ஆள், பழைய நிரந்தரம்.
பஞ்சப்படி, போனஸ், மருத்துவ அட்டை.
நல்ல மனுஷன்தான்,
டீக்குக் காசு கொடுக்க விடமாட்டார்.
அவசரத்துக்கு என் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை
வாங்கிக்கொண்டு போவார்.
போல்ட்டுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

வரிசை நகர ஆரம்பித்தது.
யாரோ ஒரு அம்மா கழுத்தைத் தடவியபடியே
கட்டை எண்ணாமல் பையில் போட்டாள்.
"மெஷின் எண்ணிருச்சில்ல" என்றாள்.
கேட்க நன்றாக இருந்தது.
லாக் புத்தகத்தில் எழுதினேன்:
ரப்பர் மாற்றப்பட்டது. கோளாறு இல்லை.

சாயங்காலம் செம்மண்டலம் ஏடிஎம்மில்
அட்டையைச் செருகினேன்.
இருப்பு நானூற்று அறுபது.
பெட்டியில் ஐந்நூறு நோட்டு மட்டும்தான்.
மன்னிக்கவும் என்று திரையில் எழுதி
அட்டையைத் துப்பியது.

முந்தாநாள் நான் சரிசெய்ததுதான்.
நன்றாகவே வேலை செய்கிறது.