சவர்க்காரப் பாலன்

ஊத்தங்கரைக்குக் கிட்ட,
அணை கட்டியவர்கள் சிமெந்து அடுக்கிவைத்த கொட்டகை.
எங்களுக்கு விழுந்தது பதினொன்றாம் மறைப்பு:
இரண்டு சேலை, ஒரு தார்ப்பாய்,
நடுவில் ஐந்து பேர்.

மார்கழி பிறந்து மூன்றாம் காலை
எதிரே இருந்த குன்றைக் காணவில்லை.
யூட் வாயைத் திறந்தான், புகை வந்தது.
"அம்மா, எனக்குள்ள எரியுது."
அழுதான்.
நானும் ஊதிக் காட்டினேன். எனக்கும் வந்தது.
மன்னாரில் ஒருநாளும்
எங்கள் மூச்சை நாங்கள் கண்ணால் கண்டதில்லை.

ஒரே பாஷைதான்.
இருந்தும் "பாண் இருக்கா" என்று கேட்டதற்கு
மாதப்பன் கடையில் பான்பராக் சரத்தை அவிழ்த்து நீட்டினார்.
குரக்கன் என்றேன், முழித்தார்.
மூட்டைக்குள் கைவிட்டு அள்ளிக் காட்டினேன்.
"அட, கேவுரு!"
அன்றைக்கு இரண்டு பேரும்
ஏதோ பெரிய வழக்குத் தீர்ந்ததுபோலச் சிரித்தோம்.
கடன் மட்டும் தரவில்லை.

நத்தார் என்றால் என்னவென்றார் அதிகாரி.
கிறிஸ்மஸ் என்றோம்.
எலத்தகிரியில் கோயில் இருக்கிறதாம்,
நடுச்சாமப் பூசை இருக்கிறதாம்,
போய்விட்டு விடியத் திரும்பிவிடுகிறோம்.
ராத்தங்க அனுமதி இல்லை.
இருபத்தைந்து காலை எட்டு மணிக்குத் தலை எண்ணுவார்கள்,
இல்லாத தலைக்குப் பணக்கொடை இல்லை.
"அவரும் குடிக்கணக்கு எழுதப் போன இடத்திலதானே
பிறந்தவர்" என்றார் சவிரியான்.
பகிடிதான்.
வரிசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை,
குளிரில் பல் வேறு வேலையாய் இருந்தது.

கெம்பம்மா கேவுருத் தாள் கொண்டுவந்தாள், ஒரு கட்டு.
"பனி மேலருந்து எறங்கறதில்ல அக்கா,
தரையிலருந்து ஏறும். கீழ போட்டுப் படுங்க."
இரண்டு ரூபாய் கேட்டாள்.
ஒன்றரைக்கு விட்டாள்.
போகிற வாக்கில் மடியிலிருந்து
ஒரு கை மொச்சைக்காய் போட்டாள், அது கணக்கில் இல்லை.
உரித்த விரலில் இரண்டு நாள் வாசம்.

குடில் கட்டினோம்.
உர மூட்டைச் சாக்கு மலை,
பிஸ்கட் டப்பா மூடியில் வெட்டிய வெள்ளி,
கெம்பம்மாவின் தாளில் பாதி.
மாடும் ஆடும் தேவைப்படவில்லை,
அணைக்கரையில் மேய்கிறவை
இடைக்கிடை தாமாகவே தலை நீட்டின.

பாலன்தான் இல்லை.
பெட்டியைக் கிண்டினால்
ஊரிலிருந்து வந்த கடைசிச் சன்லைட் கட்டி, அரைவாசி.
சவிரியான் பிளேடால் சுரண்டினார்.
மூக்கு சரியாய் வரவில்லை.
ஒரு கை நீட்டியபடி,
மறு கை சவர்க்காரத்துக்குள்ளேயே.
மஞ்சள் பிள்ளை.

இருபத்துநாலு இரவு
மண்ணெண்ணெய் விளக்கில் முப்பது பேர் செபம் சொன்னோம்.
பாட்டின் இரண்டாம் அடி எனக்கு மறந்துபோயிற்று;
அருகே நின்ற திருக்கோணமலைப் பெண்ணுக்கு
அது மட்டும்தான் ஞாபகம்.
சேர்த்து ஒப்பேற்றினோம்.

விடியப்புறம் சின்னவள் உதறினாள்.
சாரம், சேலை, என் உடம்பு, எல்லாம் போர்த்தியாயிற்று.
எழுந்து போய்
குடிலுக்குள் கைவிட்டுத்
தாளை உருவினேன்.
முதலில் கொஞ்சம்.
பிறகு முழுவதும்.
வெறும் சாக்கில் கிடந்தார்.
மன்னிப்புக் கேட்கவில்லை நான்,
அவருக்கும் ஒரு தாய் இருந்தாள்.

எட்டு மணிக்கு எண்ணினார்கள்.
பதினொன்றாம் மறைப்பு: ஐந்து.
சரி.

தை இரண்டாம் கிழமை
யூட்டுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் என்றார்கள்.
வெள்ளைச் சட்டையோடு வரவேணுமாம்.
இருந்தது ஒன்று, படகுக் கறையோடு.
கடையில் சோப்பு விலை கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அணைத் தண்ணீர் ஊசியாய்க் குத்தியது.
முதலில் நீட்டிய கை கரைந்தது,
பிறகு அந்தச் சரியாய் வராத மூக்கு.
நுரை நன்றாகத்தான் வந்தது.
கறை போயிற்று,
காலரில் கொஞ்சம் மிச்சம்.